காற்றைச் சுத்தப்படுத்தும் செடி எது? புது வண்ண வாடை, ஆஸ்துமா, பூனை உள்ள வீட்டுக்கு

மாடித்தளிர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அண்மையில்தான் புது வீட்டுக்குக் குடிவந்தோம். சுவர்களுக்கு இப்போதுதான் வண்ணம் பூசியிருக்கிறார்கள். படுக்கையறையில் துகள்பலகையால் செய்த பெரிய அலமாரி ஒன்று புதிதாக வந்திருக்கிறது; அதன் கதவைத் திறந்தால் கண் கரிக்கிறது. அந்த அறையில்தான் அப்பா படுக்கிறார். அவருக்கு ஆஸ்துமா. இரவில் ஏசி ஓடுவதால் ஜன்னலை அடைத்துவிடுகிறோம். காலையில் தலை பாரமாக இருப்பதாகச் சொல்கிறார். கேட்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

காற்றைச் சுத்தப்படுத்தும் செடிகள் என்று தேடினால் எங்கும் நீண்ட பட்டியல்கள் கிடைக்கின்றன. எனக்கு அவ்வளவு வேண்டாம். நான் வேலைக்குப் போகிறவள், தினமும் தண்ணீர் ஊற்ற நேரம் கிடைக்காது. படுக்கையறைக்குக் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. கூடத்தில் வெளிச்சம் சுமார்தான். எதையும் கடித்துப் பார்க்கும் பூனை ஒன்றும் இருக்கிறது. எந்தச் செடி, எத்தனை, எங்கே வைக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பசுங்கிளை எழுதியது:

நல்ல முடிவு, தோழி. கவலையை விடுங்கள். நாசாவின் ஆய்வு 1989-இல் வெளிவந்தது. வுல்வர்ட்டன் என்ற அறிவியலாளர், அடைத்த பெட்டிக்குள் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, டிரைகுளோரோஎத்திலீன் என்ற மூன்று வேதிப்பொருள்களைச் செலுத்திப் பார்த்தார். ஒரே நாளில் அவற்றின் அளவு வெகுவாகக் குறைந்தது. உங்கள் அலமாரியிலிருந்து வருவதும் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடுதான்.

அந்த ஆய்வில் இருந்த செடிகளில் எளிதாக வளர்க்கக்கூடியவை மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், பீஸ் லில்லி ஆகியவை. 100 சதுர அடிக்கு ஒரு செடி என்ற கணக்கைப் பலரும் பின்பற்றுகிறார்கள். படுக்கையறைக்கு ஸ்நேக் பிளான்ட் மிகப் பொருத்தம். மற்றச் செடிகள் இரவில் கரியமில வாயுவை விடும், இது பிராண வாயுவை விடும். என் வீட்டில் எல்லா அறைகளிலும் செடி இருக்கிறது. உள்ளே நுழைந்தாலே மூச்சு இலகுவாவதுபோல் உணர்கிறேன்.

வேர்முடிச்சு எழுதியது:

நாற்றங்கால் வேலையில் வளர்ந்தவன் நான். செடியின் பெயரைக் கேட்பதற்குமுன் வெளிச்சத்தைக் கேட்பதுதான் என் வழக்கம். அம்மா, செடி வைக்க நினைக்கும் இடத்தில் நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். அதற்கு ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் ஓரம் தெளிவாகத் தெரியும் நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை வடிவம் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழாவிட்டால் அங்கே எந்தச் செடியும் வளராது, சில செடிகள் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான். கூடத்திலும் படுக்கையறையிலும் பார்த்துவிட்டு எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

காற்றுமானி எழுதியது:

கட்டடங்களுக்குக் காற்றோட்டம் அமைப்பதும் உள்காற்றை அளப்பதும் என் தொழில். உங்கள் வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருக்கிறார் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நாசா ஆய்வு உண்மையானது, அதன் எண்களும் உண்மையானவை. அது எங்கே நடந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். செடிகளை வைத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகள் ஒரு கன மீட்டருக்கும் குறைவான கொள்ளளவு கொண்டவை. உள்ளே புதிய காற்று வராது. உள்ளிருக்கும் காற்று வெளியே போகாது. மேலும் மேலும் வேதிப்பொருளைக் கசியவிடும் அலமாரியும் அங்கே இல்லை.

2019-இல் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வாரிங் என்ற இருவர் இதுபோன்ற 12 ஆய்வுகளை எடுத்து, அவற்றிலிருந்த 196 சோதனை முடிவுகளையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒரு செடி மணிக்கு எவ்வளவு காற்றைச் சுத்தமாக்குகிறது என்பது அந்த அளவுகோல். அவர்களுக்குக் கிடைத்த இடைநிலை மதிப்பு 0.023 கன மீட்டர், அதாவது 23 லிட்டர்.

இதை உங்கள் அறையில் பொருத்திப் பாருங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்தால் 36 கன மீட்டர் காற்று. கதவு ஜன்னல்களை மூடியிருந்தாலும் இடுக்குகள் வழியாகக் காற்று கொஞ்சம் மாறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை முழுக் காற்றும் மாறுவதாகக் கொண்டால் மணிக்கு 18 கன மீட்டர். இடுக்கு வழியே நடக்கும் இந்தச் சிறு வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் 780 தொட்டிகள் வேண்டும். சதுர மீட்டருக்கு 65. கட்டிலைப் போட இடம் இருக்காது. அந்த ஆய்வாளர்களும் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்றுதான் எழுதினார்கள்.

பெட்டிக்குள் மட்டும் ஏன் அவ்வளவு நல்ல பலன்? அதே 23 லிட்டர் செடியை அரைக் கன மீட்டர் பெட்டியில் 24 மணி நேரம் வைத்தால், கணக்குப்படி வேதிப்பொருளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அதே செடியை உங்கள் அறையில் வைத்து, ஒரு இடுக்கு விடாமல் அடைத்துவிட்டாலும் ஒரு நாளில் குறைவது நூற்றில் ஒன்றரைப் பங்குதான். செடி அதே செடிதான். இடம்தான் வேறு.

செடி வளர்ப்பதைத் தடுக்க இதை எழுதவில்லை. ஐந்து தொட்டிகளை நம்பி அப்பா அதே அடைத்த அறையில் தொடர்ந்து படுக்கக்கூடாது என்பதே என் அக்கறை.

பசுங்கிளை எழுதியது:

காற்றுமானி ஐயா, கணக்கு புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாசாவின் அதே ஆய்வில், வேர்ப்பகுதி வழியாக விசிறி வைத்துக் காற்றை இழுத்து, மண்ணோடு, வாயுக்களை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரியையும் சேர்த்துச் செய்த சோதனையும் உண்டு. அதில் பலன் அதிகம். வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களே வேதிப்பொருளைச் சிதைக்கின்றன என்பதையும் அப்போதே கவனித்திருக்கிறார்கள். ஆக, செடிக்குச் சக்தியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அடுத்து, இரவில் பிராண வாயு விடும் செடியைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

இலைத்துளை எழுதியது:

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா? பள்ளியில் தாவரவியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் மாணவர்களும் இதையே கேட்பார்கள்.

ஸ்நேக் பிளான்ட், சோற்றுக் கற்றாழை, பட்டாம்பூச்சி ஆர்கிட் முதலியவை வறட்சியைத் தாங்கப் பழகிய இனங்கள். பகல் வெயிலில் இலைத்துளையைத் திறந்தால் நீர் வற்றிவிடும். ஆகவே இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுத்து, அமிலமாக மாற்றிச் சேமிக்கின்றன. பொழுது விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை வைத்து உணவு தயாரிக்கின்றன. பிராண வாயு எப்போது உண்டாகிறது? ஒளி பட்டு நீர் மூலக்கூறு பிளக்கும்போது. ஒளியில்லாமல் அது நடக்காது. இரவில் கரியமில வாயுவை எடுக்கிறது என்பது சரி. பிராண வாயுவை விடுகிறது என்பது தவறு. முதல் பாதியைக் கேட்டவர்கள் இரண்டாம் பாதியைத் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

எடுக்கும் அளவும் மிகச் சிறியது. தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். ஒரு தொட்டி ஸ்நேக் பிளான்ட் எடுப்பது அதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. இதே காரணத்தால் மறுபக்கத்து அச்சமும் தேவையற்றது. இரவில் அறையில் செடி இருந்தால் மூச்சுத் திணறும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். ஒரு செடியின் சுவாசத்தைவிட, பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரின் சுவாசம் பல மடங்கு பெரியது.

மண் நுண்ணுயிர்களைப் பற்றிப் பசுங்கிளை சொன்னது உண்மை. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் பல ஆண்டுகள் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். வேர் மண்டலத்துக்குள் காற்றைத் தள்ளினால்தான் அந்த நுண்ணுயிர்களால் பெரிதாக எதையும் செய்ய முடியும். விசிறி பொருத்திய பசுஞ்சுவர்கள் அந்த வழியில் பிறந்தவை. மேசைமேல் சும்மா நிற்கும் தொட்டிக்குள் அறைக் காற்று போவது அரிது.

இன்னொரு செய்தியும் சொல்லத் தோன்றுகிறது. 2018-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முயலின் ஜீன் ஒன்றை மணி பிளான்டில் புகுத்தினார்கள். பாலூட்டிகளின் கல்லீரலில் சில நச்சுகளை உடைக்கும் நொதிக்கான ஜீன் அது. மாற்றிய செடி அடைத்த குப்பியில் பென்சீனையும் குளோரோஃபார்மையும் நன்றாகக் குறைத்தது. பக்கத்துக் குப்பியிலிருந்த சாதாரண மணி பிளான்டால் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. செடியின் இயல்பான திறன் போதுமானதாக இருந்திருந்தால் ஜீனைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

மாடித்தளிர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்கப் பயமும் தெளிவும் சேர்ந்தே வருகின்றன. அப்பாவை இன்றிரவே பக்கத்து அறைக்கு மாற்றுகிறேன். அலமாரி வாடைக்கு என்னதான் செய்வது? தூக்கி எறிய முடியாதே.

நிழல் சோதனை செய்து பார்த்தேன். படுக்கையறை ஜன்னலோரம் தெளிவான நிழல். கூடத்தில் மங்கல். குளியலறைப் பக்கத்து மூலையில் ஒன்றுமே தெரியவில்லை.

காற்றுமானி எழுதியது:

எறிய வேண்டாம். துகள்பலகையில் மரத்தூளை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. புதிதில் அதிகமாகக் கசியும், மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். எனவே பகலில் அலமாரிக் கதவுகளை, இழுப்பறைகளைத் திறந்து வையுங்கள். ஜன்னலைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும்படி ஒரு விசிறியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி ஓட்டுங்கள். அறைக் கதவும் திறந்திருக்கட்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். வீட்டார் வெளியே போகும் நேரத்தை இதற்குப் பயன்படுத்துங்கள்.

பலகையின் வெட்டிய ஓரங்களைத் தேடிப் பாருங்கள். அலமாரியின் பின்பக்கம், அடிப்பக்கம், கீல் துளைகள், குழாய்க்காக வெட்டிய இடம் என மூடாத ஓரம் எங்கேயாவது இருக்கும். மேல்தகடு ஒட்டிய முகப்பைவிட இந்த வெற்று ஓரங்களில்தான் கசிவு மிகுதி. ஓரப்பட்டி ஒட்டியோ, வாடை குறைந்த பூச்சு பூசியோ தச்சரைக் கொண்டு அடைத்துவிடுங்கள். சுவர் வண்ணத்தின் வாடை இதைவிடச் சீக்கிரம் போய்விடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இரவு ஏசி விஷயம். வீடுகளில் சுவரில் மாட்டும் பிளவு ஏசி, அறைக் காற்றையே எடுத்துக் குளிர்வித்து அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியிலிருந்து புதிய காற்றை அது கொண்டுவருவதில்லை. ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்தாலே வேறுபாடு தெரியும். மின்செலவு சற்றுக் கூடும். அப்பாவுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் கரியமில வாயு அளக்கும் சிறு கருவி வாங்கலாம். அகச்சிவப்பு உணரி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத கருவிகள் வேறு வாயுக்களை அளந்து உத்தேச எண்ணைக் காட்டுபவை. வெளிக்காற்றில் இப்போது கரியமில வாயு 420 பிபிஎம்முக்குச் சற்று மேல்; பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்பதே பிபிஎம். மூடிய படுக்கையறையில் விடிகாலைக்குள் 1000-ஐத் தாண்டி வெகுதூரம் போயிருந்தால் புதிய காற்று போதவில்லை என்று பொருள்.

தலைபாரமும் இளைப்பும் தொடர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேர்கோடு எழுதியது:

இவ்வளவு தெரிந்தபிறகு செடி எதற்கு? காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. தண்ணீர், மண், பூச்சி எந்தத் தொல்லையும் இல்லை.

காற்றுமானி எழுதியது:

நேர்கோடு, பாதி வேலைதான் முடியும். சுத்திகரிப்பானில் இருக்கும் ஹெப்பா என்ற நுண்துகள் வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். தூசு, புகை, மகரந்தம், பூஞ்சை வித்து ஆகியவற்றுக்கு அது அருமையான கருவி. ஆஸ்துமா உள்ளவருக்கு உண்மையாகவே உதவும். ஆனால் ஃபார்மால்டிஹைடு வாயு. ஹெப்பா இழையில் அது சிக்காது. கிளர்வூட்டிய கரி வடிகட்டி தடிமனாக இருந்தால் பல வாயுக்களைப் பிடிக்கும். ஆனால் ஃபார்மால்டிஹைடு அதிலும் எளிதில் ஒட்டாது. அதற்கென்று வேதிப்பூச்சு சேர்த்த கரி வேண்டும், அதையும் காலத்தில் மாற்ற வேண்டும். ஓசோன் உண்டாக்கும் கருவிகளை மட்டும் ஆஸ்துமா உள்ள வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்.

வீட்டுக்கு வெளியே புகை மூட்டமாக இருக்கும் நேரங்களில் ஜன்னலை அடைத்துச் சுத்திகரிப்பானை ஓட்டலாம். மற்ற நேரங்களில் ஜன்னலே போதும்.

வெண்பாதம் எழுதியது:

விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மேலே சொன்ன பட்டியலைப் பார்த்ததும் பதறிப்போய் எழுதுகிறேன். பூனை இருப்பதை யாரும் கவனிக்கவில்லையா?

மணி பிளான்ட், பீஸ் லில்லி, டிஃபன்பாக்கியா, பிலோடென்ட்ரான், இசட்இசட் செடி ஆகிய ஐந்திலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. பூனை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும். தவழும் குழந்தைகளுக்கும் இதே ஆபத்துதான். ஸ்நேக் பிளான்டில் சப்போனின் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. அதுவும் வயிற்றைக் கலக்கும். கற்றாழையும் பூனைக்கு ஆகாது. இவை பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை, ஆனால் அந்த வேதனையைப் பார்க்கச் சகிக்காது.

உயிரைப் பறிப்பவை வேறு. உண்மையான லில்லி மலர்கள் எவையானாலும், அவற்றின் மகரந்தத்தை உரோமத்திலிருந்து நக்கினாலோ, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலோகூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். பீஸ் லில்லி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல என்றாலும் இரண்டையும் குழப்பிக்கொண்டு யாராவது மலர்க்கொத்து பரிசளித்துவிடுவார்கள்; வீட்டுக்குள் விடாதீர்கள். சைக்கஸ் என்ற சேகோ பனை கல்லீரலைக் கெடுக்கும், அதையும் தவிருங்கள்.

ஸ்பைடர் பிளான்ட், பார்லர் பாம், அரேகா பாம், பெப்பரோமியா, அஸ்பிடிஸ்ட்ரா, ஹவோர்த்தியா ஆகியவை பூனைக்கும் நாய்க்கும் நச்சல்ல. ஸ்பைடர் பிளான்டின் தொங்கும் இலைகளைப் பூனைகள் விரும்பிக் கடிக்கும். அதிகம் தின்றால் வாந்தி எடுக்கும், அதனால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

வேர்முடிச்சு எழுதியது:

வெண்பாதம் சொன்ன பட்டியல் கையில் கிடைத்தபிறகு என் வேலை எளிதாகிவிட்டது.

அம்மா, படுக்கையறை ஜன்னலோரம் தெளிவான நிழல் விழுகிறது என்றால் ஸ்பைடர் பிளான்டை அங்கே தொங்கவிடுங்கள். காலை இளவெயில் அதற்குப் பிடிக்கும். தடித்த வேர்களில் நீரைச் சேர்த்துவைக்கும் செடி; சில நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. அதே ஜன்னல் விளிம்பில் ஹவோர்த்தியா ஒரு சின்னத் தொட்டியில் இருக்கட்டும். கூடத்தின் மங்கல் வெளிச்சத்துக்குப் பார்லர் பாம், அஸ்பிடிஸ்ட்ரா. அஸ்பிடிஸ்ட்ராவை இரும்புச் செடி என்ற பொருளில் அழைப்பார்கள். நிழல், வறட்சி, மறதி எல்லாவற்றையும் தாங்கும். வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும், அதைப் பார்த்துக் கவலைப்பட்டு உரம் கொட்டாதீர்கள். நிழல் விழாத மூலையில் எதுவும் வேண்டாம்.

அரேகா பாம் பூனைக்கு நல்லதுதான், ஆனால் எளிதானது என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல வெளிச்சம் கேட்கும், தண்ணீர் கேட்கும், காற்று வறண்டால் செஞ்சிலந்திப் பூச்சி பிடிக்கும். ஏசி அறைக்கு அது பொருந்தாது. பெரணி வகைகளும் அப்படியே. ஈரக்காற்று இல்லாவிட்டால் இலை உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்குள் வாழும் செடிகள் தாகத்தால் சாவது குறைவு. தண்ணீரில் மூழ்கித்தான் சாகின்றன. மண்ணில் இடைவெளி முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் வேருக்கு மூச்சு கிடையாது, வேர் அழுகும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலை வாடும், வாடிய இலையைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். இந்தச் சுழலில் போன செடிகள்தான் எத்தனை! கிழமை வைத்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள். ஊற்றும் நாளில் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். துளையில்லாத அழகுத் தொட்டியில் நேரடியாக நடவே கூடாது. தேங்காய் நார்த்தூள் மட்டும் நிரப்பிய தொட்டி நெடுநாள் ஈரம் பிடித்துக்கொள்ளும். அதில் பெர்லைட் என்ற இலேசான வெண்கற்களையோ பருமணலையோ கலந்து மாற்றி நடுங்கள்.

ஈரமண் எழுதியது:

நானும் ஆஸ்துமா உள்ளவன், செடி வளர்ப்பவன். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்போதும் நனைந்திருக்கும் மண்ணின் மேற்பரப்பில் வெண்பூஞ்சை படரும். சிறு ஈக்கள் முட்டையிடும். பூஞ்சை வித்து ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. அப்பாவின் தலைமாட்டில் எந்தத் தொட்டியையும் வைக்காதீர்கள். மேல்மண் காய்ந்தபிறகே தண்ணீர் ஊற்றினால் பூஞ்சை, ஈ இரண்டும் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் மஞ்சள் ஒட்டு அட்டை வைத்து, மண்ணைக் காயவிடுங்கள். காய்ந்த இலைகளை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள்.

இலைகளில் படியும் தூசை ஈரத்துணியால் துடைப்பது நல்லது. துடைக்காவிட்டால் செடிக்கும் வெளிச்சம் குறையும். பளபளப்புக்காக எண்ணெய் தடவ வேண்டாம், அதில் தூசு இன்னும் ஒட்டும். ஃபைக்கஸ் இனத்துச் செடிகளின் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. குறிப்பாக, தொங்கும் கிளைகளோடு வரும் பெஞ்சமினா வகையை ஆஸ்துமா வீட்டில் தவிர்க்கலாம்.

பசுங்கிளை எழுதியது:

பூனையைக் கவனிக்காமல் பட்டியல் தந்ததற்கு வெண்பாதத்திடமும் மாடித்தளிரிடமும் வருந்துகிறேன். வேதிப்பொருள் கணக்கையும் ஏற்றுக்கொள்கிறேன். நேர்கோடு கேட்ட ‘செடி எதற்கு?’ என்ற கேள்வியை மட்டும் அப்படியே விட எனக்கு மனமில்லை.

1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் உல்ரிக் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்களையும், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்தவர்களையும் 23 இணைகளாக ஒப்பிட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் விரைவில் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிநிவாரணிகளையும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். அது ஜன்னலுக்கு வெளியே நின்ற மரம், தொட்டிச் செடியல்ல, தெரிந்தேதான் சொல்கிறேன். பச்சையைப் பார்த்துக்கொண்டிருப்பது மனிதருக்கு ஏதோ செய்கிறது. நோயோடு ஒரு அறைக்குள் நெடுநேரம் இருக்கும் முதியவருக்குத் தினமும் பார்த்துக்கொள்ள ஒரு உயிர் இருப்பது சிறிய விஷயமல்ல. புதுக் குருத்து விட்டதா என்று பார்க்க ஜன்னல் பக்கம் போகிறவர் ஜன்னலையும் திறப்பார்.

நேர்கோடு எழுதியது:

கடைசி வரியோடு எனக்கு வழக்கில்லை. என் அம்மாவுக்கு ஒரு ஸ்பைடர் பிளான்ட் வாங்கித் தருகிறேன். சுத்திகரிப்பானும் இருக்கும்.

மாடித்தளிர் எழுதியது:

அப்பா இப்போது பக்கத்து அறையில் படுக்கிறார். காலையில் தலைபாரம் இல்லை என்கிறார். அலமாரியின் பின்பக்கம் முழுவதும் மூடாத ஓரங்கள் இருந்தன. தச்சர் வந்து அடைத்துக் கொடுத்தார். பகலெல்லாம் கதவைத் திறந்து விசிறி ஓட்டுகிறோம். கண் எரிச்சல் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் வாடை முழுதும் போகும்வரை அவரை அங்கே படுக்கவிடப் போவதில்லை.

ஸ்பைடர் பிளான்டும் பார்லர் பாமும் வாங்கினேன். அப்பா தாமாகவே இரண்டையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் கேட்கச் சொன்ன கேள்வி இது: ஸ்பைடர் பிளான்டின் இலை நுனி பழுப்பாகிறது. குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்திருந்து ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

வேர்முடிச்சு எழுதியது:

பாதி உண்மை, அம்மா. திறந்து வைத்தால் குளோரின் ஆவியாகிப் போகும். ஸ்பைடர் பிளான்டின் நுனியைக் கருக்குவது பெரும்பாலும் ஃபுளோரைடும் உப்புகளும்; அவை எத்தனை நாள் வைத்தாலும் தண்ணீரிலேயே இருக்கும். மழைநீர் பிடிக்க முடிந்தால் அதை ஊற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால், அவ்வப்போது தொட்டியைக் குழாயடியில் வைத்து, அடித்துளை வழியே நிறைய நீர் வழியும்படி மண்ணைக் கழுவிவிட்டால் சேர்ந்த உப்பு இறங்கிவிடும். உரம் போட்டிருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள். பழுப்பான நுனியை இலையின் கூர்வடிவிலேயே கத்தரித்துக்கொள்ளலாம், ஆனால் பச்சைப் பகுதியில் கத்தரி படக்கூடாது. பட்டால் வெட்டிய இடம் மறுபடியும் காயும். செடிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நீண்ட தண்டில் குட்டிச் செடி விட்டதும், அதன் அடியில் சின்னஞ்சிறு வேர்முனைகள் தெரியும். அப்போது தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே பக்கத்தில் ஒரு தொட்டி வைத்து அதன்மேல் அழுத்தி விடச் சொல்லுங்கள். வேர் பிடித்தபிறகு தண்டை வெட்டலாம்.